வன்னி வெயிலில் வழுக்கிய பிருடை

ஹற்றன்காரன் நான்; இசைக்குழுவோடு ஊரூராய் வயலின் வாசிப்பவன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை ஒட்டி வன்னிக்கு இறங்கினால் மலை ஈரத்துக்குப் பழகிய மரம் காய்ந்து சுருங்கும். தந்தியைச் சுற்றி முறுக்கும் மரமுளையான பிருடை துளையில் பிடிக்காது. மேடையிலேயே சுருதி இறங்கும். குழுத் தலைவர் முறைப்பார், அது வேறு கதை.

தந்தியை ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். நான்கையும் ஒன்றாகத் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்து, உள்ளே நிற்கும் சிறு தூணும் விழுந்துவிடும். பிருடை துளையைத் தொடும் இரண்டு இடங்களிலும் சோக்கட்டியை மெல்லிசாகத் தேய்த்தேன். தந்தியைப் பிருடைப் பெட்டியின் பக்கச் சுவரோடு சேரும்படி சுற்றி, முறுக்கும்போதே உள்ளே அழுத்தினேன். பிடித்துக்கொண்டது.

மரம் காயாமலிருக்க, ஓட்டை போட்ட சவர்க்காரப் பெட்டிக்குள் நன்றாகப் பிழிந்த ஸ்பொஞ்ச் துண்டொன்றும் வயலின் பெட்டியில் இருக்கும். தண்ணீர் சொட்டினால் மரத்தை ஒட்டிய பசை விட்டுப்போகும், கவனம். ஏ9 வீதியில் வான் நின்றால் வயலினை வெயிலில் கொதிக்கும் அதற்குள் விட்டு இறங்கமாட்டேன். தேத்தண்ணிக் கடைக்கும் தோளில்தான் வரும்.