செம்பெயர்ச்சி 16-ஆ, 5-ஆ? தொலைதூர கேலக்ஸி வேட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவைக் கையில் எடுக்கும் புதியவர்கள் முதல் வாரத்திலேயே செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளி சிவப்புப் பக்கம் நீளும் அளவு; எண் கூடினால் தொலைவும் கூடும்) 15, 16 என்று எதையாவது பிடித்துவிடுகிறார்கள். பழுதான பிக்சலைக் கேலக்ஸி என்று நம்புவதைப் பற்றி இங்கே பேசவில்லை. அது ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

ஒளிக்கோடுகளைத் தொடர்ஒளி என்று நம்புவது

121.6 நானோமீட்டருக்குக் கீழான ஒளியை வழியிலுள்ள நடுநிலை ஹைட்ரஜன் விழுங்கிவிடும்; ஒளி அங்கே ஒரு விளிம்புபோலச் சட்டென்று அறுந்துவிடும். செம்பெயர்ச்சி 12 என்றால் அந்த விளிம்பு 1.58 மைக்ரானில் வரும். செம்பெயர்ச்சி 3.3-இல், விண்மீன் பிறப்பு ஓய்ந்த ஒரு கேலக்ஸியின் பால்மர் விளிம்பும் (அதன் விண்மீன்களிலுள்ள ஹைட்ரஜனால் ஒளி சட்டென்று குறையும் இடம்) அதே இடத்தில்தான் விழும். இதைப் பலரும் சரிபார்க்கிறார்கள். கோட்டை விடுவது அடுத்ததில்: சில அலைநீளங்களில் மட்டும் பளிச்சிடும் ஒளிக்கோடுகளை, எல்லா அலைநீளங்களிலும் பரவிய தொடர்ஒளி என்று நம்புவதில்.

சீயர்ஸ்-93316 என்ற கேலக்ஸியைப் பாருங்கள். 2022-இல் ஃபில்டர் அளவீடுகள் ஏறக்குறைய 16 என்றன. 2023-இல் நிறமாலை எடுத்தால் 4.9! அந்தத் தொலைவில் ஆக்ஸிஜன் கோடு 2.95 மைக்ரானில், எஃப்277டபிள்யூ ஃபில்டருக்குள் விழுகிறது. ஹைட்ரஜன் ஆல்ஃபா 3.88-இல் விழுந்து எஃப்356டபிள்யூ, எஃப்410எம், எஃப்444டபிள்யூ மூன்றையும் ஒருசேரத் தூக்கிவிடுகிறது. தூசியால் சிவந்த கேலக்ஸி நீலமாகத் தெரிந்தது இதனால்தான். நடுத்தர அகலமுள்ள ஃபில்டர் ஒன்று இருந்தால் போதும் என்பவர்கள் கவனிக்க: எஃப்410எம் இருந்தும் ஏமாந்தோம். அக்கம்பக்கத்து கேலக்ஸிகள் 5-ஐ ஒட்டி இருந்தன என்ற துப்பும் அப்போதே கிடைத்திருந்தது.

ஆகவே அளவீடுகளோடு ஒப்பிடும்போது வலுவான கோடுகளும் தூசியும் சேர்ந்த மாதிரி கேலக்ஸிகளைக் கட்டாயம் சேருங்கள். செம்பெயர்ச்சியை 7-க்குக் கீழே கட்டிப்போட்டு மறுபடி பொருத்துங்கள். இரண்டு பொருத்தங்களின் கை-வர்க்க (மாதிரி அளவீட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் எண்) வித்தியாசம் 4-ஐத் தாண்டவில்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். தாண்டினாலும், மாதிரிகளில் இல்லாத கேலக்ஸியை அந்த எண் அறியாது. அச்சிட்ட நிகழ்தகவு வரைபடத்தில் ஒற்றைச் சிகரத்தைக் காட்டி வாதாடுவது இன்றும் எரிச்சலூட்டுகிறது.

"ஃபில்டரில் தெரியவில்லை" என்றால் ஒளி பூஜ்யம் என்று எழுதுவது

மொசைக்கில் (பல படங்களை ஒட்டிய பெரிய படத்தில்) பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மென்பொருள் தரும் பிழை குறைவாகவே காட்டும். அருகிலுள்ள வெற்றிடங்களில் அதே அளவு வட்டங்களை வைத்து நீங்களே அளவிடுங்கள். விளிம்புக்குக் கீழான ஃபில்டர்களைத் தனித்தனியாக மட்டும் பார்க்காமல் அடுக்கியும் பாருங்கள்.

பழுப்புக் குள்ளன்களை மறப்பது

விண்மீன் ஆக முடியாத இந்தக் குளிர்ந்த, மங்கலான பொருட்களும் தொலைதூர கேலக்ஸி போல ஏமாற்றும். மறப்பது சோம்பல். வேறு காரணமில்லை.

விளிம்பை வைத்துத் தசமம் எழுதுவது

ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸிக்கு நிறமாலை விளிம்பு 14.32 என்றது. பிறகு ஆல்மா ரேடியோ தொலைநோக்கி பிடித்த ஆக்ஸிஜன் கோடு தந்தது 14.18. கேலக்ஸியைச் சுற்றியுள்ள அடர்ந்த ஹைட்ரஜன் விளிம்பை மழுக்கிச் சிவப்புப் பக்கம் தள்ளிவிடும். கோடு கிடைக்கும்வரை "சுமார் 14" போதும்.