வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா? தேவையில்லாத சர்வீஸ்களைக் கண்டுபிடித்து நிறுத்துவது எப்படி

அத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் பவர் பட்டனை அழுத்திவிட்டு அடுப்பில் பால் வைத்தால், பால் பொங்கிய பிறகுதான் டெஸ்க்டாப் கண்ணில் படும். 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. "புதுசுதான் வாங்கணுமாடா?" என்று அத்தை கேட்டபோது, "இருங்க அத்தை, உள்ளே என்னென்ன ஓடுதுன்னு முதல்ல பார்க்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன். எப்போதோ பழுதாகித் தூக்கிப்போட்ட பிரிண்டருக்கான மென்பொருள் ஒன்று, அந்த பிரிண்டரைத் தேடி தினமும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பயன்படுத்தாத போன் பேக்கப் மென்பொருள் ஒன்று. அப்புறம், புது வெர்ஷன் வந்ததா என்று பார்ப்பதற்கென்றே இரண்டு. இவற்றை நிறுத்திய வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனு பெயர்கள் உங்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும்.

சர்வீஸ் என்றால் என்ன?

நாம் திறக்கும் புரோகிராமுக்கு ஜன்னல் உண்டு, மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறி உண்டு. சர்வீஸுக்கு இரண்டும் கிடையாது. நாம் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போவதற்கு முன்பே பல சர்வீஸ்கள் ஓட ஆரம்பித்துவிடும். ஒலி, வைஃபை, பிரிண்டர், அப்டேட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றோ பலவோ இருக்கும். பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கும் மேல் வரும். பயப்பட வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை யாராவது கூப்பிடும்வரை தூங்கிக்கொண்டிருப்பவை. தூங்குகிற சர்வீஸை நிறுத்துவதால் வேகம் துளியும் கூடாது. அதனால் "இந்த ஐம்பதையும் நிறுத்துங்கள்" என்று வரும் பட்டியல்களை அப்படியே பின்பற்றாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் உண்மையில் எது இழுக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் கவனித்தால் போதும்.

1. முதலில் அளந்து பாருங்கள்

ரீஸ்டார்ட் கொடுத்து, டெஸ்க்டாப் வந்து பிரவுசர் ஒழுங்காகத் திறக்கும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஷட் டவுன் கொடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்து அளக்காதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்துவைத்து, அடுத்த முறை அதிலிருந்தே எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்.

2. எது தின்கிறது என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிறிய ஜன்னலாக வந்தால் கீழே மோர் டீடெயில்ஸ் என்பதை அழுத்துங்கள். பிராசஸஸ் பக்கத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தலைப்புகள் இருக்கும். டிஸ்க் தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் இழுப்பது மேலே வரும். ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு மெமரி தலைப்பைக் கிளிக் செய்து அதையும் பாருங்கள்.

சர்வீஸ் ஹோஸ்ட் என்ற பெயர் வரிசையாக வருவதைப் பார்த்து வைரஸோ என்று பலர் கேட்கிறார்கள். வழக்கமாக அது வைரஸ் இல்லை. முன்பெல்லாம் பல சர்வீஸ்கள் ஒரே கூரையின் கீழ் ஓடின. 2017இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனிக் கூரை கிடைத்துவிட்டது. அதனால்தான் பட்டியல் நீளம். இதில் நமக்கு நன்மையும் உண்டு. பக்கத்திலுள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்தால் உள்ளே எந்த சர்வீஸ் ஓடுகிறது என்று பெயரோடு தெரியும். தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தையும் பாருங்கள். அங்கே இருப்பவை சர்வீஸ்கள் அல்ல, நாம் உள்நுழைந்ததும் தானாகத் திறக்கும் புரோகிராம்கள். தேவையில்லாததை ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். பல வீடுகளில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

3. திரும்பி வர வழி வைத்துக்கொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ரீஸ்டோர் பாயிண்ட் என்பது, கோளாறு வந்தால் விண்டோஸை இன்றைய நிலைக்கே திருப்பிக் கொண்டுவர உதவும் சேமிப்பு. ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டோர் பாயிண்ட் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட் வரும். உள்ளே சி டிரைவுக்கு நேரே ஆஃப் என்று இருந்தால், கான்ஃபிகர் அழுத்தி ஆன் செய்யுங்கள். பிறகு கிரியேட் அழுத்தி, இன்றைய தேதியைப் பெயராகக் கொடுங்கள்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தட்டச்சு செய்து அந்த ஜன்னலைத் திறந்து, ஆக்ஷன் மெனுவில் எக்ஸ்போர்ட் லிஸ்ட் கொடுங்கள். இன்றைய நிலை முழுவதும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிக்கப்படும். எது எப்படி இருந்தது என்று ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

4. வெளியிலிருந்து வந்தவற்றைப் பாருங்கள்

இதே ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறந்து, சர்வீசஸ் பக்கத்துக்குப் போங்கள். கீழே ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்தால் மைக்ரோசாஃப்ட் அல்லாத மற்ற நிறுவனங்களின் மென்பொருள்கள் கொண்டுவந்தவை மட்டும் மிஞ்சும். இந்த ஜன்னலைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அந்தக் கட்டத்தில் டிக் செய்யாமல் டிஸேபிள் ஆல் அழுத்தியவர்கள், பின் எண் போட்டு உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நின்றிருக்கிறார்கள்.

மிஞ்சிய பட்டியலில் இனி பயன்படுத்தவே மாட்டீர்கள் என்று தெரிந்த மென்பொருள் இருந்தால், சர்வீஸை நிறுத்துவதோடு விடாமல் மென்பொருளையே நீக்கிவிடுங்கள். அத்தை வீட்டு பிரிண்டர் மென்பொருளை அப்படித்தான் செய்தேன். பிரவுசரின் அப்டேட் சர்வீஸையும் ஆன்டிவைரஸையும் மட்டும் தொடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அவற்றின் வழியாகத்தான் வருகின்றன.

5. மாற்றும் முறை

சர்வீசஸ் ஜன்னலில் பெயர் மேல் இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். முதலில் ஸ்டாப் மட்டும் அழுத்துங்கள். இது தற்காலிகம்தான், அடுத்த ரீஸ்டார்ட்டில் சர்வீஸ் மறுபடி வந்துவிடும். ஒருநாள் வேலை செய்து பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் ஸ்டார்ட்அப் டைப்பை மாற்றலாம். ஆட்டோமேட்டிக் என்றால் விண்டோஸோடு சேர்ந்து எழும். டிலேய்டு ஸ்டார்ட் என்றால் சுமார் இரண்டு நிமிடம் கழித்து எழும், பேக்கப் போன்ற அவசரமில்லாத வேலைகளுக்கு இது நல்லது. மேனுவல் என்றால் யாராவது கூப்பிட்டால் எழும். டிஸேபிள்ட் என்றால் கூப்பிட்டாலும் எழாது. புதியவர்களுக்கு நான் சொல்வது மேனுவல். தேவைப்பட்டால் தானே எழுந்துகொள்ளும், நீங்கள் தேட வேண்டியதில்லை.

மாற்றும் முன் டிபென்டென்சீஸ் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். இந்த சர்வீஸை நம்பி வேறு எவை இருக்கின்றன என்று கீழ்ப்பாதியில் இருக்கும். பட்டியல் நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சர்வீஸ் மட்டும் மாற்றுங்கள். ஐந்தைச் சேர்த்து மாற்றினால், கோளாறு வந்தால் எது காரணம் என்று தெரியாது.

6. விண்டோஸோடு வருபவற்றில் சில

சிஸ்மெயின்: இதன் பழைய பெயர் சூப்பர்ஃபெட்ச். நீங்கள் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களைக் கவனித்து, முன்கூட்டியே ரேமுக்குக் கொண்டுவந்து வைக்கும். ரேமில் காலியாகக் கிடக்கும் இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், வேறு புரோகிராம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே இதைப் பொத்தாம் பொதுவாக எதிரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரேம் குறைந்த, ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில், தொடங்கிய சில நிமிடங்களுக்கு இது டிஸ்க்கை நூறு சதவீதத்தில் வைத்திருப்பதுண்டு. உங்கள் டாஸ்க் மேனேஜரில் அப்படித் தெரிந்தால் டிஸேபிள்ட் கொடுத்து ஒரு வாரம் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் பழையபடி ஆட்டோமேட்டிக்.

விண்டோஸ் சர்ச்: கோப்புகளைப் படித்து, தேடுவதற்காக அட்டவணை போடுகிறது. முழுவதும் நிறுத்தினால் தேடல் மிக மெதுவாகிவிடும். இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ் திறந்து, படங்களும் வீடியோக்களும் நிறைந்த ஃபோல்டர்களை மட்டும் விலக்குவதே என் வழி.

பிரிண்ட் ஸ்பூலர்: பிரிண்டரே இல்லாத வீட்டில் இதை நிறுத்தலாம். 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது இதில்தான். ஆனால் ரயில் டிக்கெட்டையோ ரசீதையோ மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் வழியாகச் சேமிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதற்கும் ஸ்பூலர் வேண்டும்.

டவுன்லோடட் மேப்ஸ் மேனேஜர், ஃபேக்ஸ், எக்ஸ்பாக்ஸ் என்று தொடங்குபவை ஆகியவற்றை நிறுத்தலாம், ஆனால் இவை பெரிதாக எதையும் தின்பதில்லை.

தொடக் கூடாதவை

ரிமோட் புரொசீஜர் கால், டிகாம் சர்வர் பிராசஸ் லாஞ்சர், பிளக் அண்ட் பிளே, விண்டோஸ் ஆடியோ, டிஹெச்சிபி கிளையன்ட், டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக் (வைஃபைக்கானது), கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ், யூசர் புரொஃபைல் சர்வீஸ், டிஃபெண்டர் என்று பெயர் வருபவை, விண்டோஸ் அப்டேட். அப்புறம், டச் கீபோர்ட் என்ற பெயரைப் பார்த்து, நமக்குத்தான் தொடுதிரை இல்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். இமோஜி பலகை அதை நம்பித்தான் இருக்கிறது, சில ஜன்னல்களில் தட்டச்சே வேலை செய்யாமல் போகவும் கூடும்.

ஏதாவது கெட்டுப்போனால்

டெக்ஸ்ட் கோப்பைப் பார்த்துப் பழைய நிலைக்கு மாற்றி ரீஸ்டார்ட் கொடுங்கள். டெஸ்க்டாப்பே வரவில்லை என்றால், உள்நுழையும் திரையில் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் அழுத்துங்கள். நீலத் திரையில் டிரபுள்ஷூட், பிறகு அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அங்கே சிஸ்டம் ரீஸ்டோர். மூன்றாம் படியில் வைத்த ரீஸ்டோர் பாயிண்ட் அங்கே இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்டாப்வாட்ச்சோடு மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்து, முதலில் குறித்ததோடு ஒப்பிடுங்கள். அத்தை வீட்டில் பால் பொங்குவதற்கு முன்பே டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டால் கிடைக்கும் வேகம் இதைவிடப் பல மடங்கு என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இரண்டையும் பார்க்கலாம் என்று பேசிவைத்திருக்கிறோம்.