தாத்தாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கியைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி இன்னமும் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை போயிற்று. துப்பாக்கி மட்டும் பேரன் கைக்கு வந்து சேர்கிறது. வந்ததும் அதைப் பளபளப்பாக்க உட்காருவார்கள். கெடுவது அங்கேதான்.

குழலின் மேலுள்ள கரும்பழுப்பு அழுக்கல்ல. வேண்டுமென்றே துருவேற்றிப் பக்குவப்படுத்திய நிறம். குத்துவிளக்குக்குப் போடுகிற புளியும் உப்புத்தாளும் அதை உரித்துவிடும். சில குழல்களை வெளிச்சத்தில் சாய்த்தால் சுருள்சுருளாக ரேகை ஓடும். அதுதான் டமாஸ்கஸ் குழல். இரும்பும் எஃகும் சேர்த்து முறுக்கிய பட்டைகளை உலையில் காய்ச்சி, சுற்றிச் சுற்றி அடித்து ஒட்டியது. கண்ணுக்கு எவ்வளவு அழகோ அவ்வளவு ஆபத்து: கரிமருந்துக் காலத்துக் குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழலே வெடிக்கலாம். 'சும்மா ஒரு வேட்டு' என்ற பேச்சே வேண்டாம்.

கையில் எடுத்ததும் மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பாருங்கள். பிறகு, மடங்கும் மூட்டுக்குக் கீழே விரலைக் கொடுத்துத் தாங்குங்கள். நல்ல துப்பாக்கி அந்த இடத்தை ஒட்டியே சமமாக நிற்கும். மூன்று கிலோ என்று கைக்குத் தெரியாது. பின்பக்கமிருந்து பார்த்தால் தோளில் வைக்கும் மரக்கட்டை லேசாக வலப்புறம் ஒதுங்கியிருக்கும். மரம் கோணிவிட்டது என்று ஆசாரியிடம் நிமிர்த்தக் கொடுத்துவிடாதீர்கள். வலது தோளில் வைத்தால் கண் குழலுக்கு நேரே வரட்டும் என்று செய்த வளைவு அது. வெறும் விசையைத் தட்டித் தட்டி விளையாடினால் உள்ளிருந்து தோட்டாவை அடிக்கும் ஊசி உடையும்.

வார்னிஷ் அடிப்பது எனக்குப் பார்க்கவே பொறுக்காது. பிடியில் வெட்டிய குறுக்குக் கோடுகளில் அது இறங்கி அடைத்துக்கொள்ளும். பிறகு வழவழ பிளாஸ்டிக்தான். வால்நட் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் நாலு சொட்டு, உள்ளங்கைச் சூடு, போதும். இரும்புக்கும் எண்ணெய் அளவோடுதான். வழிய வழியப் போட்டுக் குழல்வாய் மேலே இருக்க நிறுத்தினால், அது இறங்கி மரத்தைக் கறுக்க வைத்து இளக்கிவிடும். தோல் உறையில் மூடி வைத்தால் ஈரம் கோத்துத் துரு ஏறும்.

தாத்தாவோடு அவர் லைசென்ஸும் போய்விடும், அது வாரிசுக்குத் தானாக வராது. உங்கள் பெயரில் வாங்கும்வரை துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும். லைசென்ஸுக்கு, மதுரை மாநகருக்குள் என்றால் கமிஷனர் அலுவலகம், வெளியே என்றால் கலெக்டர் அலுவலகம். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் கொடுக்கும்போது நாலு பக்கமும் போட்டோ எடுத்து, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, ரசீதில் நம்பரைச் சரிபார்த்துக் கொடுங்கள்.