வாட்டர்ஜெட்டில் கண்ணாடி துளை போடும்போதே விரிசல் விட்டது, சரிசெய்த விதம்

மணல் கலந்த தண்ணீரை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சி வெட்டும் வாட்டர்ஜெட் இயந்திரத்தில், 10 மி.மீ. சாதாரண கண்ணாடியில் வட்டம் வெட்டும் வேலை. வெட்டு ஓடும்போது பிரச்சினையே இல்லை, முதல் துளை இறங்கும் அந்த நொடியில்தான் விரிசல் விட்டது. அறுக்கும் வேலையைச் செய்யும் கார்னெட் மணல் வந்து சேர்வதற்குள் வெறும் தண்ணீர் 3,800 பார் அழுத்தத்தில் அடித்தால் அது அறுக்காது, இடிக்கும். அதனால் துளைக்கு மட்டும் அழுத்தத்தை 800 பார் அளவுக்கு இறக்கினேன். ஆனால் அழுத்தம் குறைந்தால் மணலை இழுக்கும் உறிஞ்சலும் குறையும் என்பதால், வாக்குவம் அசிஸ்ட் (மணலைத் தனியாக உறிஞ்சி இழுக்கும் துணை அமைப்பு) போட்டு மணலை முன்கூட்டியே வரவைத்தேன். அப்புறம் துளையை வெட்டுக் கோட்டிலிருந்து தள்ளி, கழிவாகப் போகும் பக்கம் வைத்தேன். முழுதாக ஊடுருவிய பிறகே அழுத்தத்தை ஏற்றி வெட்டு. விரிசல் நின்றுவிட்டது. டஃபன் செய்த (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய) கண்ணாடியில் மட்டும் இதை முயற்சி செய்யாதீர்கள், என்ன செய்தாலும் மொத்தமாக நொறுங்கிவிடும். வெட்டிய பிறகுதான் டஃபனுக்கு அனுப்ப வேண்டும்.