புது ஜாஸ் அல்பங்களை எப்படித் தேடிக் கேட்பது: தலைப்புப் பெயரை விடுங்கள், பக்கவாத்தியத்தைப் பாருங்கள்

திருகோணமலையில் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் சவுண்ட் கட்டுவது என் தொழில். பங்குனி தொடங்கி ஆவணி மட்டும் பெட்டி ஏற்றி இறக்கவே பொழுது சரியாக இருக்கும். மற்ற மாதங்களில் வெள்ளிக்கிழமை எனக்குக் கொஞ்சம் ஓய்வு. அன்றைக்கு வீட்டில் மச்சம் இல்லை, புது ஜாஸ் உண்டு. உவர்மலையில் இருந்துகொண்டு நியூயோர்க் சாக்ஸபோன்காரரின் புது அல்பத்தைக் கேட்கிறேன் என்றால் ஆட்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். கேட்க ஆசையிருந்தும் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கு என் முறையைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை என்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை, இங்கிலாந்தில் திங்கட்கிழமை என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு நாளில் அல்பம் வெளியிட்டார்கள். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமை என்று ஆக்கிவிட்டார்கள். ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. பெரிய லேபல்களின் (அல்பம் வெளியிடும் நிறுவனங்களின்) புது அல்பங்கள் பெரும்பாலும் வியாழன் இரவு பன்னிரண்டு தாண்டியதும் நமக்கும் கிடைத்துவிடும். சில சிறிய அமெரிக்க லேபல்கள் நியூயோர்க் நள்ளிரவைக் கணக்கில் வைப்பார்கள். அது இங்கே காலை 9.30, அங்கே குளிர்கால நேரம் என்றால் 10.30. கண் விழித்திருக்கத் தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஜாஸ் என்ற பெயரில் வந்து குவிவது ஒரு மாதத்துக்கும் கேட்டு முடியாத அளவு. அட்டைப்படத்தைப் பார்த்தோ, பிரபல்யத்தைப் பார்த்தோ எடுத்தால் பாதி நாள் ஏமாற்றம்தான். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: டிரம்ஸ் யார், பேஸ் (அடித்தொனி வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) யார், பியானோ யார்.

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி தவில் என்று நோட்டீசில் போட்டிருந்தால், நாதஸ்வரம் யாரென்று பார்க்காமலே சனம் வண்டி கட்டிப் போகும் என்று அப்பா சொல்லுவார். ஜாஸிலும் அதே கணக்குத்தான். அல்பத்தில் ஒரு ஆளின் பெயர் பெரிதாக இருக்கும், ஆனால் உள்ளே நடப்பதில் பெரும்பகுதி அந்த நேரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து உண்டாக்குவது. நல்ல டிரம்ஸ்காரர் சோர்ந்த கூட்டத்தில் அடிக்கடி போய் உட்காரமாட்டார். அதனால் பிடித்த ஒரு அல்பத்தின் வாத்தியக்காரர் பட்டியலை எடுங்கள், அதிலிருந்து ஒரு பெயரைப் பிடியுங்கள், அந்த ஆள் அடுத்து எங்கே வாசிக்கிறார் என்று போங்கள்.

ஒரு சங்கிலியைக் காட்டுகிறேன். செசீல் மக்லோரின் சல்வான்ட் என்ற பாடகியின் 2013ஆம் ஆண்டு அல்பம் 'வுமன்சைல்ட்'. அதில் பியானோ ஆரன் டீல். பாட்டுக்குப் பின்னால் அவர் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று கவனித்தாலே ஆளைப் பிடித்துப்போகும். அதே டீலை 2022இல் 'மெஸ்மெரிசம்' அல்பத்தில் கேட்கலாம். அது டிரம்ஸ்காரர் டைஷோன் சோரியின் மூவர் குழு. சோரி சாதாரண ஆள் இல்லை, 2024இல் இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கிய இசையமைப்பாளர். அவர் விஜய் ஐயரின் மூவர் குழுவிலும் வாசிக்கிறார்: 2021இல் 'அனீஸி', 2024இல் 'கம்பாஷன்', இரண்டிலும் பேஸ் லிண்டா மே ஹான் ஓ. விஜய் ஐயர் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போன பெற்றோருக்குப் பிறந்த பியானோக்காரர். அங்கிருந்து திரும்ப சோரியைப் பிடித்தால் 2024இல் 'த சசெப்டிபிள் நவ்', அதில் பேஸ் ஹரிஷ் ராகவன். ஹரிஷ் ராகவனைப் பிடித்தால் ட்ரம்பெட்காரர் அம்ப்ரோஸ் அகின்முசிரியின் குழுவுக்குப் போவீர்கள். ஒரு பாடகியில் தொடங்கி ஐந்தாறு அல்பம் தாண்டிவிட்டோம், ஒன்றையும் குருட்டுத்தனமாக எடுக்கவில்லை.

இந்தப் பெயர்களை எங்கே பார்ப்பது? ஸ்பொட்டிஃபையில் பாட்டுக்குப் பக்கத்திலிருக்கும் மூன்று புள்ளியைத் தட்டினால் கிரெடிட்ஸ் வரும், ஆனால் அதில் பல நேரம் எழுதியவர், தயாரித்தவர் பெயரோடு நின்றுவிடுவார்கள். லேபலின் சொந்தத் தளத்துக்குப் போவதுதான் சரி. கலைஞர்களும் லேபல்களும் அல்பம் விற்கும் பாண்ட்காம்ப் தளத்தில், அல்பப் பக்கத்தின் அடியில் பெரும்பாலும் முழு விபரம் இருக்கும். நான் ஒரு பழைய சிட்டைப் புத்தகத்தில் இடது பக்கம் பேஸ், வலது பக்கம் டிரம்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரே பெயர் மூன்றாவது தடவையும் வந்தால் அடியில் ஒரு கோடு. கோடு விழுந்த ஆளின் புது அல்பம் என்றால் யோசிக்காமல் கேட்பேன்.

குரல் அல்பமும் வாத்திய அல்பமும் ஒரே மாதிரிக் கேட்பதற்கில்லை. ஒரே நாளில் இரண்டு வகையும் வந்த ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம்: 2024 ஒக்டோபர் 11. அன்றைக்கு சமாரா ஜோயின் 'போர்ட்ரெயிட்' வேர்வ் லேபலிலும், ஆல்டோ சாக்ஸபோன்காரர் இம்மானுவெல் வில்கின்ஸின் 'ப்ளூஸ் ப்ளட்' ப்ளூ நோட் லேபலிலும் வந்தன.

'போர்ட்ரெயிட்' எட்டுப் பாட்டுத்தான். நியூ ஜேர்சியில் உள்ள வான் கெல்டர் ஸ்டூடியோவில் பதிவானது. சாக்ஸபோன்காரர் ஜோன் கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் 'எ லவ் சுப்ரீம்' பதிந்ததும் அதே இடத்தில்தான். இதில் பேஸ்காரர் சார்ல்ஸ் மிங்கஸின் ஒரு வாத்திய உருப்படிக்கு சமாரா தானே வரிகள் எழுதிப் பாடியிருக்கிறார். பக்கவாத்தியம் ஒன்றுமில்லாமல் தனிக்குரலில் தொடங்கும். புது இயர்போன் வாங்கினால் நான் சோதித்துப் பார்ப்பது அந்த இடத்தில். சொல்லுக்கு முன்னால் மூச்சு எடுப்பது கேட்க வேண்டும், வரியின் கடைசி எழுத்தை அவர் எங்கே விடுகிறார் என்பது தெரிய வேண்டும். பிறகு குழு உள்ளே வரும்போது, குரல் அதுவரை சுருதியில் அசையாமல் நின்றிருக்கிறது என்பது புரியும். ஆங்கில வரிகள் விளங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். முதல் தடவை சொல்லை விட்டுவிட்டு, தாளத்துக்கு முன்னால் பாடுகிறாரா பின்னால் இழுக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். நல்ல பாடகர் பின்னால் இழுத்துப் பாடினாலும் பேஸ் அசையாது. அந்த இழுபறிதான் ருசி.

குரல் அல்பங்களில் பழைய பாட்டுகள் திரும்பத் திரும்ப வரும். அதைக் குறையாக எடுக்காதீர்கள், வசதியாக எடுங்கள். புதியதைக் கேட்க முன் பழைய பதிவு ஒன்றைக் கேட்டுவிடுங்கள். சமாரா ஜோயின் 2022ஆம் ஆண்டு அல்பத்தில் 'ரவுண்ட் மிட்நைட்' இருக்கிறது. அதை ஆக்கிய பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் அதை 1947இல் ப்ளூ நோட்டுக்குத் தன் கையாலேயே வாசித்துப் பதிந்தார். ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1956இல் பதிந்தார். மங்க், மைல்ஸ், சமாரா என்று மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் யார் மெட்டை எங்கே வளைத்தார்கள் என்பது தானாகத் தெரியும். ஒரு புத்தகமும் தேவையில்லை.

வாத்திய அல்பத்துக்கு எண்ணத் தெரிந்தால் போதும். பழைய வடிவப் பாட்டுகளில் பெரும்பாலானவை 32 பார், ஒரு பாருக்கு நாலு அடி. முதல் எட்டு பார் ஒரு மெட்டு, அடுத்த எட்டில் அதே மெட்டு, மூன்றாவது எட்டில் வேறொன்று, கடைசி எட்டில் பழையபடி முதல் மெட்டு. இது ஒரு சுற்று. எல்லோரும் சேர்ந்து மெட்டை ஒரு சுற்று வாசித்த பிறகு, ஒவ்வொருவராக அதே சுற்றின் மேல் கற்பனையில் வாசிப்பார்கள். மெட்டு மறைந்துபோகும், சுற்று மறையாது. தொடையில் தட்டிக்கொண்டு அந்த மூன்றாவது எட்டு வரும் இடத்தைப் பிடியுங்கள். என்னோடு வேலைக்கு வரும் பெடியன் ஒருநாள் லொறியில் இருந்துகொண்டு, "அண்ணை, இந்தப் பாட்டு இன்னும் தொடங்கேல்லையா?" என்று கேட்டான். அப்போது சோலோ, அதாவது ஒருவர் கற்பனையில் வாசிக்கும் கட்டம், நடந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. எண்ணக் காட்டிக் கொடுத்தேன். இப்போது மூன்றாவது எட்டு வந்தால் எனக்கு முன்னால் தலையாட்டுகிறான்.

'ப்ளூஸ் ப்ளட்' அப்படி எண்ணுவதற்கு இலகுவான அல்பம் இல்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் நம்மவர்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. வில்கின்ஸ் தன் நால்வர் குழுவோடு பாடகர்களையும் சேர்த்திருக்கிறார். அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா, இன்னொருவர் மேலே சொன்ன செசீல். சாக்ஸபோன் இதில் பல இடங்களில் குரல்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும். கானவ்யா பிடித்திருந்தால் அதே ஆண்டில் வந்த அவருடைய 'டோட்டர் ஒஃப் எ டெம்பிள்' பக்கம் போங்கள். கோயில் மேளம் கேட்டு வளர்ந்த காதுக்குச் சாக்ஸபோன் வழியாகவே நுழைய வேண்டுமென்றால், கொஞ்சம் பழசானாலும் 2008இல் வந்த 'கின்ஸ்மென்' இருக்கிறது. ருத்ரேஷ் மகந்தப்பாவும் கத்ரி கோபால்நாத்தும் இரண்டு ஆல்டோ சாக்ஸபோன், வயலினில் கன்னியாகுமரி, மிருதங்கத்தில் பூவாலூர் ஸ்ரீஜி.

பட்டியலைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. 'புதியது' என்று வருவதில் நிறைய மறுவெளியீடு. சில, பெட்டிக்குள் கிடந்து இப்போது வெளிவரும் பழைய பதிவுகள். கோல்ட்ரேன் 1963 மார்ச்சில் பதிந்த ஒரு அமர்வு 2018இல்தான் அல்பமாக வந்தது. அதைத் தவறவிடக் கூடாதுதான், ஆனால் இன்றைய ஜாஸ் என்று நினைத்துக் கேட்டால் குழம்பிப்போவீர்கள். வெளியான ஆண்டைப் பார்க்காமல் பதிவான ஆண்டைப் பாருங்கள். அதேபோல, அல்பம் வரச் சில வாரம் முன்பு விடும் தனிப்பாட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வாயில் இலகுவாக வழுக்கிப் போவதைத்தான் முதலில் விடுவார்கள். வாத்தியக்காரர் பெயரே போடாமல் மழைக்கு, படிப்புக்கு, கோப்பிக்கு என்று வரும் ஜாஸ் பட்டியல்களை நான் திறப்பதேயில்லை.

இனி என் தொழில் பக்கம். போன் ஸ்பீக்கரில் ஜாஸ் கேட்காதீர்கள். பெரிய பேஸின் அடித்தந்தி 41 ஹேர்ட்ஸ். போனில் உள்ள அந்த விரல்நுனி அளவு ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கமே வழியில்லை. பேஸ் போனால் பாதி உரையாடல் போய்விட்டது. விலை குறைந்த வயர் இயர்போன் போதும், காதை இறுக்கி மூடினால் சரி. ஈக்வலைசரைத் தொட வேண்டாம். வொலியூமைச் சமப்படுத்தும் அமைப்பு இருந்தால் நிறுத்திவிடுங்கள், சத்தம் ஏறி இறங்குவதில்தான் விஷயமே இருக்கிறது. ஜெர்மனியின் ஈ.சி.எம். லேபல் தன் சிடிகளை ஐந்து வினாடி நிசப்தத்தோடு தொடங்குவது வழக்கம். 2017 நவம்பரில்தான் ஸ்ட்ரீமிங்குக்கே வந்தார்கள். அவர்களுடைய பதிவுகளில் மெல்லிய இடங்கள் மிக மெல்லிசு. கச்சான் காற்றுக் காலத்தில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடும் அறையில் அதெல்லாம் அடிபட்டுப்போகும், இரவு கொஞ்சம் குளிர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டா கணக்கு இது: 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணிநேரம் 144 மெகாபைட், 160இல் 72. ஸ்பொட்டிஃபையில் பிரீமியம் வைத்திருந்து, ரீலோட்டில் இரவு டேட்டாவும் மிச்சமிருந்தால் வியாழன் இரவே இறக்கிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு குரல் அல்பம், ஒரு வாத்திய அல்பம், அவ்வளவு போதும். முதல் தடவை வேறு வேலை செய்துகொண்டு ஓடவிடலாம். இரண்டாம் தடவை பேஸை மட்டும் பின்தொடர்ந்து முழுதாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் மூன்றாம் தடவை தேவையில்லை, அடுத்த வெள்ளி வரும்.

பிடித்ததைக் காசு கொடுத்து வாங்க விரும்பினால் பாண்ட்காம்ப் நல்லது. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி அனுமதித்த கார்ட் இருந்தால் இங்கிருந்தே வாங்கலாம், பைலும் உங்களுக்கே. சாதாரண நாளில் டிஜிட்டல் விற்பனையில் 15 வீதம் வரை தளம் எடுக்கும். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பாண்ட்காம்ப் வெள்ளி' நாட்களில் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். அது எல்லா மாதமும் வருவதில்லை, திகதியை அவர்களுடைய தளத்தில் பார்த்து வைத்துக்கொண்டு அன்றைக்கு வாங்குங்கள்.