ஏர்சாஃப்ட் கியர்பாக்ஸில் ஷிம் வைப்பது: முதன்முறை திறப்பவர்களுக்கு

பேட்டரி மோட்டாரால் பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிதான் ஏர்சாஃப்ட். உங்களுடையதில் விசையை அழுத்தினால் தகரத்தைக் கல்லில் இழுப்பதுபோல் கிறீச்சென்று சத்தம் வருகிறதா? பேட்டரி முன்பைவிடச் சீக்கிரம் இறங்குகிறதா? ஒரு மேகசின் காலியாவதற்குள் கைப்பிடி சூடாகிறதா? அப்படியென்றால் புது மோட்டாருக்குப் பணம் கொடுக்கும் முன், கியர்களுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே இடைவெளியை நிரப்பும் ஷிம் வளையங்களை ஒருமுறை பாருங்கள்.

நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். என் மாமா நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குகளுக்கு லேத்தில் கடைசல் பிடிப்பவர். ஷிம் என்ற சொல்லையே அவர் பட்டறையில்தான் முதலில் கேட்டேன். "பிடிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது மாப்ளே" என்பார். இந்த வேலை முழுக்க அந்த ஒரு வரிதான். அதைக் கைக்குப் பழக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். எம்4, எம்பி5 வடிவத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இருப்பது வெர்ஷன் 2 கியர்பாக்ஸ். அதில் மூன்று கியர்கள்: பெவல், ஸ்பர், செக்டார். மோட்டார் நுனியில் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியன் பெவலைச் சுழற்றும், பெவல் ஸ்பரைச் சுழற்றும், ஸ்பர் செக்டாரைச் சுழற்றும். செக்டாரின் பற்கள் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கிவிடும், விட்டதும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றால் குண்டைத் தள்ளும். செக்டார் ஒரு சுற்று சுற்றினால் ஒரு குண்டு. வழக்கமான 18.72:1 கியர்களில் அந்த ஒரு சுற்றுக்கு மோட்டார் கிட்டத்தட்ட 19 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 15 குண்டு என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16,800 சுற்று. மோட்டார் அந்த வேகத்தில் ஓடும்போது ஒரு கியர் பெட்டிச் சுவரில் லேசாக உரசினாலும் உலோகம் தேய்ந்துகொண்டே போகும்.

ஷிம் என்பது கியரின் அச்சில் மாட்டும் மெல்லிய எஃகு வளையம். 0.1, 0.15, 0.2, 0.3, 0.5 மி.மீ. என்று கலந்து செட்டாக வரும். அச்சு சுமார் 3 மி.மீ. தடிமன், அதற்கேற்ற ஓட்டையுள்ள ஷிம்மை வாங்குங்கள். கூடவே ஒரு டிஜிட்டல் காலிப்பர், ட்வீசர், சரியான அளவு ஸ்க்ரூடிரைவர்கள், கியர் கிரீஸ், விளிம்பு வைத்த ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டு கட்டாயம் வேண்டும். கார்த்திகை அடைமழையில் கரண்ட் போன ஒரு மாலை, 0.1 ஷிம் ஒன்றை முக்கால் மணி நேரம் தரையெல்லாம் தேடினேன். கடைசியில் அது என் கட்டைவிரலின் அடியில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சரி, திறக்கலாம். முதலில் மேகசினையும் பேட்டரியையும் கழற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பாதி அமுங்கிய நிலையில் நின்றிருக்கலாம். கைப்பிடியையும் மோட்டாரையும் கழற்றினால் அந்த வாய் வழியாகப் பெவல் தெரியும். அதன் பக்கத்தில், கியர் பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் சின்னக் கொக்கி இருக்கும். அதை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் கியர்கள் சட்டென்று சுழன்று ஸ்பிரிங் தளர்ந்துவிடும். விரலை உள்ளே விடாதீர்கள். அப்புறமும் ஸ்பிரிங்கில் கொஞ்சம் விசை மிச்சம் இருக்கும். அதனால் பெட்டியைத் துப்பாக்கியிலிருந்து வெளியே எடுத்து, பின்பக்கத்தைத் துண்டால் மூடித் திருகுகளைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டான ஸ்பிரிங் கைடைக் கையால் அழுத்திப் பிடித்தபடி மேல்பாதியைத் தூக்குங்கள். தூக்கியதும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எங்கே வளைந்து போகிறது, எந்தக் குட்டி ஸ்பிரிங் எதில் மாட்டியிருக்கிறது என்பது மறுநாள் நினைவில் நிற்காது.

பிஸ்டன், சிலிண்டர், கொக்கி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இப்போது பழைய கிரீஸைப் பாருங்கள். வெள்ளிப்பொடி கலந்ததுபோல் மினுக்கினால் எங்கோ உலோகம் தேய்கிறது. பெட்டிச் சுவரில் வட்டமாகப் பளபளப்பான கோடு தெரிந்தால் உரசிய இடம் அதுதான். கியர்களையும் காலிப் பெட்டியையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்து, அன்றைக்கே காயவைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் எஃகு ஷிம் இரண்டே நாளில் செம்புள்ளி பிடித்துவிடும்.

அடுத்தது புஷ், அல்லது பேரிங். கியரின் அச்சு உட்காரும் இடம் அது. ஆறையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்றாவது தன் குழியில் ஆடினால் ஷிம் வைத்துப் பயனில்லை. எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டுச் சுற்றிலும் துளி பசை வைத்து, நேராக உட்காரவைத்து இறுகவிடுங்கள். பேரிங் என்றால் ஷிம் அதன் உள்வளையத்தை மட்டும் தொட வேண்டும். வெளிவளையத்தில் படும் அகலமான ஷிம் பேரிங்கையே பிடித்து நிறுத்திவிடும்.

இனி ஷிம். ஸ்பரில் தொடங்குகிறவர்கள் உண்டு. நான் பெவலில் தொடங்குவேன். மோட்டார் வரும் திசை மாறாது. பெவல் எந்த உயரத்தில் நின்றால் பினியனோடு நன்றாகப் பொருந்துகிறதோ, மற்ற இரண்டும் அதற்குத்தான் ஒத்துப்போக வேண்டும்.

பெவலின் பற்களில் மார்க்கர் பேனா மை பூசி, தட்டையான பக்கத்து அச்சில் ஒரு 0.3 ஷிம் போட்டுத் தனியாக வையுங்கள். பெட்டியை மூடித் திருகுகளை இறுக்கி, கைப்பிடியையும் மோட்டாரையும் மாட்டி, மோட்டார் முனைகளில் பேட்டரி கம்பியை ஒரே ஒரு நொடி தொட்டு எடுங்கள். திறந்து பாருங்கள். பல்லின் அகலம் முழுக்க மை அழிந்திருந்தால் நல்லது. நுனியில் மட்டும் அழிந்திருந்தால் பெவல் பினியனை விட்டு விலகி நிற்கிறது. அடிவரை ஆழமாகத் தேய்ந்து, சுற்றும்போது முனகினால் அதிகமாக நெருங்கிவிட்டது. ஷிம்மை மாற்றி மாற்றிப் பாருங்கள். எனக்கு முதல் தடவை ஐந்து முறை திறந்து மூட வேண்டியிருந்தது.

அந்தப் பக்கம் அமைந்ததும் எதிர்ப்பக்கத்தை நிரப்ப வேண்டும். 0.5 போட்டு மூடுகிறீர்கள், கியர் பிடித்துக்கொள்கிறது. 0.3-ம் 0.1-ம் சேர்த்துப் போடுகிறீர்கள், தட்டிவிட்டால் சுற்றுகிறது. அச்சின் நுனியை நகத்தால் அழுத்தினால் 'டிக்' என்று மிக லேசாக இறங்கி ஏறுகிறது. அந்த 'டிக்'தான் வேண்டும். அளவில் சொன்னால் 0.1 மி.மீ. வாக்கில். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, நகத்துக்குத் தெரியும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் திருகுகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். முதல் பெட்டியில் நான் இரண்டு திருகு மட்டும் போட்டுப் பார்த்தேன். கியர் அருமையாகச் சுற்றியது. முழுவதும் பூட்டியதும் பெட்டியின் இரண்டு பாதிகளும் இன்னும் நெருங்கி ஸ்பரைக் கவ்விவிட்டன. அது தெரியாமல் ஓட்டியதில் ஒரே வாரத்தில் ஸ்பரின் பற்கள் மழுங்கிப்போயின. பூட்டாமல் பார்த்த அளவை நம்பாதீர்கள்.

அடுத்து ஸ்பர். அதன் பெரிய சக்கரம் பெவலின் முகத்தை ஒட்டிப் போகிறது, செக்டாரின் முகத்தை ஒட்டியும் போகிறது. பெவலோடு சேர்த்து வைத்து மூடி, டார்ச் வெளிச்சத்தில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஒளிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உரசவில்லை. பிறகு மறுபக்கத்தை அதே 'டிக்' வரும்வரை நிரப்புங்கள்.

செக்டாருக்கும் இதே முறைதான். அதன் பற்கள் ஸ்பரின் சின்னப் பற்களை முழு அகலத்துக்கும் கவ்வ வேண்டும். பெட்டிச் சுவரையோ ஸ்பரையோ தொடக்கூடாது.

மூன்றையும் சேர்த்து வைத்துப் பூட்டிப் பெவலை விரலால் தள்ளுங்கள். மூன்றும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு சுற்றில் ஏதாவது ஒரே இடத்தில் கனத்தால் அங்கே பல்லில் பிசிறோ மணலோ இருக்கும். கோடையில் ஆற்று மணல் பறக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவது நல்லது.

ஷிம்களைக் குறைந்த எண்ணிக்கையில் வையுங்கள். மூன்று 0.1-க்குப் பதில் ஒரு 0.3. மெல்லியவை சேர்ந்து நின்றால் மடங்கிக் கிழிந்துவிடும். பற்களுக்குக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அப்பிவிட்டால் அது சிதறி, விசைக்குப் பின்னால் இருக்கும் மின்தொடர்பில் போய் ஒட்டும்.

எல்லாவற்றையும் திரும்பக் கோத்ததும் கடைசி வேலை, மோட்டார் உயரம். கைப்பிடியின் அடியில் ஒரு திருகு இருக்கும். கால் சுற்று திருப்புங்கள், ஒரு குறுகிய சுடல், கேளுங்கள். மறுபடி கால் சுற்று. உச்சத்தில் கீச்சிடும் சத்தம் இறங்கி, சீரான ஒரே ஹம்மென்ற ஒலி வரும் இடம் ஒன்று உண்டு. திருவையாற்று ஆராதனைப் பந்தலில் தம்புராவின் நாலு தந்தியும் சேரும் கணத்தைக் கேட்டவர்களுக்கு அந்த இடம் உடனே புரியும். அங்கே நிறுத்துங்கள்.

சோதித்துப் பார்க்கும்போது வீட்டுக்குள், சுவரில் தடித்த துணி தொங்கவிட்டு அதை நோக்கிச் சுடுங்கள். பார்வைக்கு இது அசல் துப்பாக்கி மாதிரியே இருக்கும். தெருவுக்கோ படித்துறைக்கோ கையில் எடுத்துப் போகாதீர்கள். ஐந்தாறு சுடலுக்குப் பின் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். முன்பு சூடேறிய இடம் இப்போது வெறும் வெதுவெதுப்போடு இருக்கும்.