மண்சுவரில் கரிய ஈ வந்தால் செய்யக்கூடாதவை

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையின் (தோட்டவீட்டின்) மண்சுவரில் சுண்டுவிரல் அகலத்துக்குப் பொந்துகள் நிறைய உண்டு. நீலப்பட்டைத் தேனீக்கள் தோண்டியவை. வெயில் ஏறியதும் கரிய ஈ ஒன்று வரும். பொந்துக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நின்று, வயிற்று நுனியைச் சுண்டி முட்டையை உள்ளே எறியும். அப்புறம் அடுத்த பொந்து. பாம்பிலிடே (Bombyliidae) என்ற ஈக் குடும்பத்தைச் சேர்ந்த இதைத் தேனீ ஈ என்று சொல்லலாம்.

பார்த்ததும் துண்டை எடுத்து அடிப்பதுதான் முதல் தவறு. இது கொட்டாது, மாட்டையும் கடிக்காது. தேனீக்கு நான்கு சிறகு, இதற்கு இரண்டே. சில இனங்களில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழல் பூந்தேன் குடிப்பதற்கு.

இந்தக் குடும்பத்தில் ஒரு பேரினத்துக்கு ஆந்த்ராக்ஸ் என்று பெயர். மாடு வைத்திருப்பவர்கள் அடைப்பான் நோயை நினைத்துப் பதற வேண்டாம். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கரி என்று பொருள். நோய்க்கும் ஈக்கும் பெயர்தான் ஒன்று.

தேன்பெட்டி வைத்திருப்பவர்களும் பயப்பட வேண்டியதில்லை. ஈ தேடுவது நீலப்பட்டைத் தேனீ போலத் தனித்து வாழும் தேனீக்களின் கூட்டை. முட்டையிலிருந்து வரும் நுண்புழு தானே ஊர்ந்து அறைக்குள் போகும். தேனீயின் புழு தின்று கொழுக்கும்வரை காத்திருந்து, பிறகு அதன் மேல் ஒட்டி உறிஞ்சும். அந்த அறையிலிருந்து தேனீ வராது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அதற்காக ஈயைக் கொல்கிறேன் என்று சுவரில் மருந்து அடிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மருந்து ஈயை மட்டும் பார்த்துக் கொல்லாது. தேனீயும் சாகும். தக்காளிப் பூவை நீலப்பட்டைத் தேனீ கட்டிப்பிடித்து, உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். கத்தரிப் பூவிலும் அப்படித்தான். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பொந்துகளைச் சாந்து பூசி அடைப்பதும் இதே தவறுதான். உள்ளே குஞ்சு இருக்கும். ஈ வருகிறது என்றால் பெரும்பாலும் அங்கே தேனீக் கூடு இருக்கிறது என்று அர்த்தம்.

தனித்து வாழும் வேறு தேனீக்களுக்காக மூங்கில் துண்டுகளைக் கட்டித் தொங்கவிடுபவர்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். ஈக்கு வேலை சுலபமாகிவிடும். நாலைந்தாகப் பிரித்து, மழை படாத இடங்களில் தள்ளித்தள்ளிக் கட்டுங்கள்.

ஈயின் கூட்டுப்புழுவுக்குத் தலையில் முள் உண்டு. அதை வைத்து அறையின் அடைப்பைக் குடைந்து பாதி வெளியே வந்ததும், தோல் வெடித்து ஈ பறந்துவிடும். போன வாரம் அப்படி ஒரு காலித்தோல் பொந்து வாயில் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பொந்து தள்ளி ஒரு தேனீ பின்பக்கமாக வந்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது.